இன்னைக்கு மட்டும்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், இரண்டாம் பாட்டின் மூன்றாவது அடியில், ஆல்ட்டோ வரிசை காணாமல் போனது.

ஆட்கள் காணாமல் போகவில்லை. பெண்களில் கீழ்க்குரலில் பாடும் ஏழு பேரும் நின்ற இடத்தில்தான் நின்றார்கள். புத்தகமும் கையில் விரிந்துதான் இருந்தது. மாஸ்டர் கையை வீசி அவர்களுடைய இடத்தைக் காட்டினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைப் பார்க்க, அவள் அதற்கடுத்தவளைப் பார்க்க, ஆளுக்கொரு இடத்தில் தொடங்கி, அடுத்த வரியில் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டார்கள். ஆர்கன்காரர் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டி மானத்தைக் காப்பாற்றினார். சபையில் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் தெரியவில்லை. மாஸ்டருக்கு மட்டும் முகம் விழுந்துவிட்டது.

அந்தச் சபையின் பாடகர் குழுவை முப்பத்தொரு வருஷமாக நடத்தி வருபவர் அவர். வார நாட்களில் வேறு வேலை. நகரத்துத் தண்ணீர்ப் பிரிவின் பட்டறையில், வீடுகளிலிருந்து கழற்றி வரும் மீட்டர்களைச் சோதிப்பவர். மேசையில் மீட்டரைப் பொருத்தி, அளந்த தண்ணீரை அதற்குள் விட்டு, முள் காட்டுவதும் தொட்டியில் விழுந்ததும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். நூறு லிட்டருக்கு இரண்டு லிட்டர் பிசகினால் அவருக்குக் கை பரபரக்கும். பாட்டிலும் அப்படித்தான். இருபத்தெட்டுப் பேர் பாடும்போது ஒருவர் இம்மி பிசகினாலும் நேராக அந்த ஆளின் முன்னால் போய் நிற்பார். பிசகாதவர்கள் முன்னால் அவர் நின்றதே இல்லை. நல்ல மீட்டருக்கு முத்திரை குத்தி அனுப்பிவிட்டு, அத்தோடு அதை மறந்துவிடுவதுதானே அவர் தொழில். இதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்.

ஆராதனை முடிந்ததும், அங்கிகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் போனார்.

“என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்? எத்தனை தடவை பாடின பாட்டு.”

“அக்கா இல்லாதது ஒரு மாதிரி ஆயிடுச்சு மாஸ்டர்,” என்றாள் தையல்காரம்மா. வரிசையில் மூத்தவள் இனி அவள்தான்.

துக்கம், வேறென்ன என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார். துக்கத்தைத் திட்ட முடியாது. அதனால் சும்மா விட்டுவிட்டார்.

அக்கா என்றது ஓரத்து அக்காவை. இரண்டாம் வரிசையில், கதவுப் பக்கம் கடைசி நாற்காலி அவருடையது. அதனால் அந்தப் பெயர். எழுபத்தாறு வயது. ஒடிசலான உடம்பு, அதற்குப் பொருந்தாத தடித்த மணிக்கட்டுகள். அந்த ஞாயிறுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலையில் டீ குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கட்டிலில் வந்து உட்கார்ந்தவர் அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார். கழுவாமல் வைத்துவிட்டுப் போகவில்லை என்பதைத்தான் அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதற்கு மேல் சொல்வதற்கு யாரிடமும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

வாசலில் போதகர் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டார்.

“அடுத்த ஞாயிறு அக்காவுக்கு நினைவு ஆராதனை. நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும் மாஸ்டர்.”

“நானா? நான் என்னத்தைப் பேசுறது?”

“வேற யாரு பேசுவாங்க? அவங்க வாழ்க்கையில பாதி உங்க கண்ணு முன்னாலதானே போச்சு.”

நியாயமாகத்தான் பட்டது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

புதன்கிழமை பட்டறையில் வேலை குறைவு. ஒரு தாளை எடுத்து எழுத உட்கார்ந்தார். ‘ஒரு பயிற்சிக்கும் வராமல் இருந்ததில்லை’ என்று முதல் வரி வந்தது. ‘எப்போதும் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவார்’ என்று இரண்டாவது. ‘யாருக்கும் தொந்தரவு கொடுத்ததில்லை’ என்று மூன்றாவது. இது ஆளைப் பற்றி எழுதுவது மாதிரி இல்லை, மீட்டருக்குச் சான்றிதழ் எழுதுவது மாதிரி இருக்கிறதே என்று அவருக்கே தோன்றியது. நாலாவது வரியை ‘அவருடைய குரல்’ என்று தொடங்கினார். பேனா நின்றுவிட்டது.

குரல் எப்படி இருக்கும்?

கண்ணை மூடிக்கொண்டார். குழுவில் உள்ள மற்ற இருபத்தேழு பேர் குரலும் அவருக்கு மனப்பாடம். தையல்காரம்மாவுக்கு மேலே போகும்போது மூக்கில் ஏறும். தபால்காரருக்கு நீண்ட அடியில் கடைசி எழுத்து தேயும். இருட்டில் பாடவிட்டாலும் ஆள் சொல்லிவிடுவார். ஓரத்து அக்காவின் குரல் மட்டும் வரவே மாட்டேன் என்றது. நெடுநேரம் தேடியதில் அவருக்கு அகப்பட்டது ஒரே ஒரு ஆமென். ஜெபம் முடிந்து எல்லோரும் சொன்ன பிறகு, ஒரு கணம் தாமதமாக, நெஞ்சிலிருந்து வரும் ஆமென். அது பேச்சு. பாட்டு எங்கே போனது என்று அவருக்குப் பிடிபடவில்லை. வயசாகிறது, ஞாபகம் தப்புகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு தாளை மடித்துப் பையில் வைத்தார்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பயிற்சி. போன வாரம் துக்கத்தால் நடக்கவில்லை. அக்காவின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. யாரும் அதை எடுத்து ஓரமாகப் போடவும் இல்லை. நினைவு ஆராதனைக்கு அதே பாட்டைத்தான் எடுத்திருந்தார்கள். மூன்றாவது அடி வந்தது. ஆல்ட்டோ வரவில்லை. மறுபடி. வரவில்லை. ஆர்கன் இல்லாமல் ஒரு தடவை. அப்போதும் வரவில்லை.

மாஸ்டர் பென்சிலைப் புத்தகத் தாங்கியில் வைத்தார். கோபம் வந்தால் பென்சிலை மெதுவாக வைப்பது அவர் வழக்கம். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“அந்த இடத்துல என்ன கஷ்டம்? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. வந்துட வேண்டியதுதான். நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதா?”

ஏழு பேரும் புத்தகத்தைப் பார்த்தார்கள். தையல்காரம்மாதான் வாயைத் திறந்தாள்.

“நாங்க எண்ணினதே இல்ல மாஸ்டர்.”

“பின்னே இத்தனை வருஷம் எப்படி வந்தீங்க?”

“அக்கா மூச்சு எடுப்பாங்க. தாடை லேசா உயரும், தோள் ஏறும். அவங்களோட நாங்களும் மூச்சு எடுப்போம். விட்டா பாட்டு வந்துடும். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.”

“சரி. அவங்க குரலைப் பிடிச்சுக்கிட்டு வந்தே பழகிட்டீங்க. இனிமே…”

“குரலா?” என்றாள் தையல்காரம்மா. அவளுடைய முகத்தில் நிஜமான குழப்பம். “அக்கா பாட மாட்டாங்களே மாஸ்டர்.”

“என்ன சொல்றீங்க?”

“பாட மாட்டாங்க. வாய் மட்டும் அசையும். நீங்கதானே பாட வேண்டாம்னு சொன்னீங்க. பேராயர் வந்த வருஷம். நான் அப்பத்தான் சேர்ந்திருந்தேன், பக்கத்துலதான் நின்னேன்.”

மாஸ்டருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்படியொரு விஷயம் நடக்கவே இல்லை என்று அடித்துச் சொல்லத்தான் வாயெடுத்தார். வாயெடுத்த கணத்தில் அந்த நாள் முழுசாக வந்து எதிரில் நின்றது.

அவருக்கு அப்போது இருபத்தொன்பது வயது. குழுவைக் கையில் வாங்கி மூன்று மாதம். பேராயர் வருகிறார் என்று சபையே வெள்ளையடித்துக்கொண்டு இருந்தது. ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னால் கடைசிப் பயிற்சி. எங்கிருந்தோ ஒரு குரல் அரைச் சுருதி கீழேயே வந்துகொண்டிருந்தது. தயக்கமே இல்லாமல், மனசார, கீழே. ஒவ்வொரு வரிசையாக நிறுத்திப் பாடவைத்து, மீட்டரில் கசிவு தேடுகிற மாதிரி தேடி, கதவோரம் நின்ற அந்தப் பெண்ணிடம் போய் நின்றார். வயதில் தன்னைவிட மூத்தவர்; எப்படிச் சொல்வதென்று கூச்சமாக இருந்தது. இடக்கையைக் கவிழ்த்துக் கீழே இறக்கினார். சத்தத்தைக் குறை என்பதற்கு அவர் குழுவில் அதுதான் அடையாளம். மலர்த்தி உயர்த்தினால் கூட்டு என்று அர்த்தம்.

“இன்னைக்கு மட்டும் சத்தம் வேண்டாம்மா. வாயசைச்சாப் போதும். தப்பா நினைச்சுக்காதீங்க.”

“சரிங்க மாஸ்டர்,” என்றார் அந்தம்மா. சிரித்தமாதிரிகூட ஞாபகம்.

ஆராதனை அமர்க்களமாக நடந்தது. பேராயர் குழுவைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அடுத்த வாரம் மாஸ்டர் வழக்கம்போல் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பிசகு எதுவும் இல்லை. பிசகு இல்லை என்றால் அவர் ஏன் திரும்பிப் பார்க்கப் போகிறார். இன்னைக்கு மட்டும் என்று சொன்னவர், நாளைக்கு என்ன என்று சொல்லவே இல்லை.

“ஏன் இதை எங்கிட்ட யாருமே சொல்லல?” என்றார் மாஸ்டர்.

“அக்கா விடல மாஸ்டர். அவருக்கு ஆயிரம் யோசனை, தோணும்போது சொல்லுவாருன்னாங்க. ரெண்டு மூணு வருஷத்துல எங்களுக்கும் பழகிப்போச்சு. பாடாம நிக்கிறாங்கங்கறதே மறந்துபோச்சு.”

பயிற்சியை நாலரை மணிக்கே முடித்துக்கொண்டார். அப்படி முடிப்பது குழு கண்டறியாத அதிசயம். தபால்காரர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

அக்காவின் வீடு இரண்டு தெரு தள்ளி, மாடியில். நேராக அங்கே போனார். பேசுவதற்குக் கொஞ்சம் விவரம் வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்திருந்தார். நிஜத்தில், சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். யாரிடமாவது சொல்லிவிட்டால் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருப்பது இறங்கும் என்று நினைப்பு.

கதவைத் திறந்தவள் மகள். அப்பாவைப் போலவே பஸ் ஓட்டுகிறவள், நாற்பது தாண்டியவள். சீருடைச் சட்டை ஆணியில் தொங்கியது. கட்டில் மேல் வெள்ளை விரிப்புகள் குவிந்து கிடந்தன.

“வாங்க மாஸ்டர். உட்கார இடமில்ல, பாருங்க. அம்மா விரிப்பையெல்லாம் தோய்ச்சேன், ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துடலாம்னு. வந்ததுக்கு ஒரு முனையைப் பிடிங்க.”

பிடித்தார். அவள் இழுத்தபோது இவர் விட்டார். இவர் மடித்தபோது அவள் விரித்தாள். விரிப்பு கோணிக்கொண்டு நடுவில் தொங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“உங்களுக்குப் பாட்டு நடத்தத்தான் தெரியும்போல. என்னைப் பாருங்க. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துல இருபத்தேழு வருஷம் இருந்தாங்க. அங்க மெஷின் போடுற சத்தத்துல பக்கத்துல நின்னு கத்தினாலும் கேட்காது. ஒரு விரிப்புக்கு ரெண்டு பேர். எப்ப இழுக்கணும், எப்ப மடிக்கணும்னு வாயால சொல்ல முடியாது. மூச்சுதான் சொல்லும். இப்படி.”

தாடையை லேசாக உயர்த்தினாள். தோள் ஏறியது. மூச்சை இழுத்தாள். மாஸ்டர் தன்னை அறியாமல் தானும் மூச்சை இழுத்தார். மூச்சை விட்டபோது இரண்டு பேர் கையும் ஒன்றாக வந்தன. விரிப்பு ஓரத்தோடு ஓரம் பொருந்தி மடிந்தது.

“பாத்தீங்களா,” என்றாள்.

ஆறு விரிப்புகள் மடித்தார்கள். ஒன்றுகூடக் கோணவில்லை. மாஸ்டருக்குத்தான் கண் கலங்கிவிட்டது. துணியை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துச் சமாளித்தார்.

அவள் டீ போட்டுக்கொண்டு வந்தாள். அம்மாவின் பாட்டுப்புத்தகத்தையும் எடுத்து வந்தாள். மேலட்டை மூன்று தடவை ஒட்டப்பட்டிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் சின்னச் சின்னக் குறிகள்.

“இது என்ன மாஸ்டர், புத்தகம் பூரா?”

“அங்கெல்லாம் மூச்சு எடுக்கணும்னு அர்த்தம்மா.” ஒரு பக்கத்தைக்கூட அவர் சும்மா தாண்டவில்லை. ஒரு குறிகூடத் தப்பான இடத்தில் இல்லை.

“வீட்ல இருந்தா ஓயாம பாட்டுதான். துணி மடிச்சாப் பாட்டு, பாத்திரம் கழுவினாப் பாட்டு. அப்பா இருந்தவரைக்கும் ரேடியோவைக் கூட்டி வைப்பாரு. அம்மா அதுக்கு மேல பாடுவாங்க. கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் படியேறி வந்து, யாருக்கு உடம்பு சரியில்லன்னு கேட்டாரு.” அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். “எனக்கு ஒண்ணு தெரியணும் மாஸ்டர். ஞாயித்துக்கிழமை நான் பெரும்பாலும் வண்டியிலதான் இருப்பேன். கோயிலுக்கு வந்தாலும் கடைசி பெஞ்சு. அத்தனை பேர் பாடுறதுல எது அம்மா குரல்னு தெரியாது. வீட்ல கேட்கச் சகிக்காது, அது எனக்குத் தெரியும். கோயில்ல எப்படி? நல்லாப் பாடுவாங்களா?”

சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“உங்க அம்மா இந்த முப்பத்தொரு வருஷத்துல ஒருநாள்கூடத் தப்பாப் பாடினதில்லம்மா.”

பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால்கூட இவ்வளவு அசிங்கமாகப் பட்டிருக்காது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

“அப்படியா? அப்ப எங்களுக்குத்தான் கேட்கத் தெரியல.” டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தவள் நின்றாள். “இன்னொண்ணு. சனிக்கிழமை மூணு மணி ஆனா, தொண்டைக்கு உப்புத் தண்ணி கொப்பளிப்பாங்க. மழையோ வெயிலோ, ஒரு சனிக்கிழமை விட்டதில்ல. எதுக்கும்மா இதுன்னு கேட்டா, இன்னைக்கு மாஸ்டர் சொன்னாலும் சொல்லுவாரு, தொண்டை கட்டிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்பாங்க. நீங்க என்ன சொல்லணும்னு காத்துக்கிட்டு இருந்தாங்க? தனிப்பாட்டு ஏதாவது தர்றேன்னு சொல்லியிருந்தீங்களா?”

கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்துப் பலகையில் ஒரு சின்ன உப்புப் புட்டி இருந்தது. அது அங்கே இருக்க வேண்டிய பொருள் இல்லை.

“கடைசிச் சனிக்கிழமைகூடவா?” என்று கேட்டார்.

“கடைசிச் சனிக்கிழமைகூட. இருமலோட போகாதீங்கன்னு சொன்னேன். நான் போகலன்னா பிள்ளைங்க தடுமாறிடுவாங்கன்னாங்க. பிள்ளைங்களாம். அதுல பாதிப் பேருக்கு அறுபது வயசு. என்ன சொல்லியிருந்தீங்க மாஸ்டர்?”

“ஞாபகமில்லம்மா,” என்றார் மாஸ்டர்.

இது பொய்.

ஞாயிறு காலையில் மனைவி அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னார், ஒன்றுவிடாமல். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்கலாம். முப்பத்துமூன்று வருஷம் கூடவே குடும்பம் நடத்தியும் மனிதருக்கு ஆளைத் தெரியவில்லை.

“எனக்கு ஒண்ணும் ஆச்சரியமா இல்ல,” என்றாள் அவள், காலரைத் திருப்பிப் போட்டபடி. “உப்புக் குறைஞ்சா உடனே சொல்லுவீங்க. நல்லா இருந்தா ஒருநாள் சொல்லியிருக்கீங்களா? வாயை மூடிக்கிட்டுச் சாப்பிட்டாரு, அப்ப நல்லாத்தான் இருந்திருக்கும்னு நானா நினைச்சுக்குவேன். அந்தம்மாவும் அப்படித்தான் இருந்திருக்காங்க.”

“இப்ப என்ன பண்றது?”

“அதை என்னைக் கேட்டா? பாடாதேன்னு சொன்னது எத்தனை பேர் முன்னால?”

“குழு பூரா இருந்துச்சு.”

“அப்ப இதையும் எல்லார் முன்னாலயும் சொல்லுங்க,” என்று சட்டையை நீட்டினாள். சட்டை இன்னும் சூடாக இருந்தது.

ஆலயம் நிறைந்திருந்தது. உயிரோடு இருந்தபோது ஓரத்து அக்காவைத் திரும்பிப் பார்த்தவர்கள் இத்தனை பேர் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். மகள் அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், மடியில் அம்மாவின் புத்தகம். போதகர் கைகாட்டியதும் மாஸ்டர் எழுந்து போனார். பையிலிருந்து தாளை எடுத்தார். மூன்றரை வரிதான் இருந்தது. திரும்பவும் மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

“அக்காவோட பொண்ணு நேத்து என்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டாங்க,” என்று தொடங்கினார். “ரெண்டுக்கும் நான் ஒழுங்காப் பதில் சொல்லல. இப்ப சொல்றேன். அம்மா நல்லாப் பாடுவாங்களான்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாது. அவங்க பாடி நான் கேட்டு முப்பத்தொரு வருஷமாச்சு. பேராயர் வந்த அன்னைக்கு, சுருதி சேரலன்னு, இன்னைக்கு மட்டும் பாடாதீங்கன்னு சொன்னேன். அப்புறம் பாடுங்கன்னு சொல்ல மறந்துட்டேன். மறந்ததே நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது.”

எங்கேயோ ஒருவர் இருமினார். போதகர் தரையைப் பார்த்தார்.

“ரெண்டாவது கேள்வி, நான் என்ன சொல்லணும்னு அம்மா காத்துக்கிட்டு இருந்தாங்கன்னு. இதைத்தான். பாடுங்கங்கற ஒரு வார்த்தை. வேற யாரா இருந்தாலும் கோவிச்சுக்கிட்டு வீட்ல இருந்திருப்பாங்க. இல்ல, என் சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருப்பாங்க. அவங்க ஒவ்வொரு சனிக்கிழமையும் தொண்டையைச் சரிபண்ணிக்கிட்டு வந்து நின்னாங்க. நின்னது மட்டுமில்ல. அவங்க மூச்சைப் பார்த்துத்தான் அந்த வரிசையே பாடிச்சு. குழு நல்லாப் பாடுதுன்னு நீங்க எல்லாரும் எனக்குக் கை கொடுத்தீங்க. நானும் வாங்கிக்கிட்டேன்.” திரும்பிக் கதவோர நாற்காலியைப் பார்த்தார். “மன்னிப்புக் கேட்கலாம்னா ஆள் இல்ல. அவ்வளவுதான்.”

இறங்கி வந்தார். அடுத்தது பாட்டு. குழு எழுந்து நின்றது. மாஸ்டர் முதல் பெஞ்சின் பக்கம் திரும்பாமல் குழுவின் எதிரில் போய் நின்றார்.

முதுகுக்குப் பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம். கோபித்துக்கொண்டு வெளியே போகிறாள், போகட்டும், அவளுக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்தார். செருப்புச் சத்தம் வாசல் பக்கம் போகவில்லை. அவரைத் தாண்டி, முதல் வரிசையைச் சுற்றிக்கொண்டு, கதவோரக் கடைசி நாற்காலிக்கு முன்னால் போய் நின்றது. மகள் புத்தகத்தைப் பிரித்தாள். மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தாள். மன்னித்த பார்வை இல்லை அது. வண்டியை நடுரோட்டில் மறித்தவனை, அவள் இருக்கையிலிருந்தே பார்க்கிற பார்வை. தையல்காரம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

மாஸ்டர் வலக்கையைத் தூக்கினார். ஆர்கன் தொடங்கியது.

முதல் அடி போனது. இரண்டாவது அடி போனது. மகள் அதுவரை பாடவில்லை. விரலைப் புத்தகத்தின் மேல் ஓட்டிக்கொண்டே வந்தாள். மூன்றாவது அடிக்கு முன்னால் விரல் ஒரு பென்சில் குறியில் வந்து நின்றது. தாடை உயர்ந்தது. தோள் ஏறியது. பக்கத்தில் நின்ற ஏழு பேரும் அவளோடு மூச்சை இழுத்தார்கள்.

எட்டுப் பேரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள், ஒரு மயிரிழை பிசகாமல். ஏழு குரல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. எட்டாவது குரல் அரைச் சுருதி கீழே இருந்தது; தயக்கமே இல்லாமல், மனசார, பஸ்ஸின் கடைசி இருக்கைவரை கேட்கிற சத்தத்தில், கீழே. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் வரிசை வரிசையாகத் தேடிக் கண்டுபிடித்த அதே குரல். ஆர்கன்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். தபால்காரர் அடியை விட்டார். தையல்காரம்மா பாடிக்கொண்டே மாஸ்டரின் முகத்தைப் பார்த்தாள்.

மாஸ்டரின் இடக்கை, பழக்கதோஷத்தில், தானாக எழுந்துவிட்டது. கவிழ்ந்த உள்ளங்கை அந்தரத்தில் நின்றது. குழுவே அதைத்தான் பார்த்தது. மகளும் பார்த்தாள், பார்த்துக்கொண்டே, சத்தத்தைக் குறைக்காமல் பாடினாள்.

அவர் கையை மலர்த்தினார். கதவோரம் நின்றவளைப் பார்த்து அதை மேலே உயர்த்தினார், இன்னும், இன்னும் என்று. பாட்டு முடியும்வரை அந்தக் கையை அவர் இறக்கவில்லை.